டிக்கெட்டும் பிரயாணியின் உரிமையும்

1917-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் மகாத்மா காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்து மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கினார். முதல் வகுப்புக் கட்டணம் இதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அங்குள்ள சௌகரியத்தில் ஐந்தில் ஒரு பங்கேனும் ஏழைப் பிரயாணிக்கு உண்டா என்று அவர் கணக்குக் கேட்டார். அவ்வாறு கணக்குக் கேட்கும் பழக்கம் நம்மவரிடம் இன்னும் வேரூன்றவில்லை.

டிக்கெட் வெறுங் காகிதத் துண்டன்று. ஓர் ஒப்பந்தத்தின் அத்தாட்சி. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 49-வது பிரிவு, கட்டண ஜாபிதாவை ஸ்டேஷன்தோறும் பிரதேச பாஷையிலும் யாவரும் காண ஒட்டவேண்டுமென்கிறது. 50-வது பிரிவின்படி தேதி, வகுப்பு, புறப்படும் ஊர், சேரும் ஊர், கட்டணம் ஆகியவை டிக்கெட்டில் இருக்கவேண்டும். கடைசி வகுப்பு டிக்கெட்டானால் வகுப்பும் ஊர்ப்பெயர்களும் பிரதேச பாஷையிலும் இருத்தல் அவசியம். யந்திர முறையால் அது இயலாதெனில் சர்க்கார் விலக்களிக்கலாம் என்றொரு வாசலும் அங்கே உண்டு. ஏழையின் உரிமை அவ்வாசல் வழியே வெளியேறிவிடலாகாது.

பிரயாணிக்கும் கடமை உண்டு. டிக்கெட்டின்றி ஏறினால் கட்டணத்துடன் அதிகப்படித் தொகையும் செலுத்த நேரும். ஆனால் டிக்கெட் வாங்க அவகாசமில்லாதவர், அதிகாரம் பெற்ற ரயில்வே சிப்பந்தியிடம் முன்னதாக அனுமதிச் சான்று பெற்றால் கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும். 55, 138-வது பிரிவுகள் இதற்கு இடமளிக்கின்றன. இதை அறியாமல் அதிகப்படி கொடுத்தவர் எத்தனை பேர்!

ஜன்னலை விட்டு நகருமுன் டிக்கெட்டைப் படித்துப் பார்க்கவேண்டும். பிழையிருந்தால் அங்கேயே கேட்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். கேளாத உரிமை ஏட்டுச் சுரைக்காயே.