கூகைக் கூட்டிலிருந்து பட்டம் வரை: உயிரியல் மாணவரின் இறுதியாண்டு ஆய்வு

செம்பனைத் தோட்டத்திலிருந்து பல்கலைக் கழகம் சென்ற பிள்ளை, விடுமுறையில் வீடு திரும்பியதும் காலில் பூட்சும் கையில் பையுமாக நிரைகளுக்கிடையே அலையக் கண்டால், லயத்துப் பெரியவர்கள் திகைப்பது இயல்பே. "படிக்கப் போன புள்ள ஆந்தை கக்கினதைப் பொறுக்கிக்கிட்டு வருதே! இது என்ன படிப்புங்க, வாத்தியாரே?" என்று அப்பிள்ளையின் பழைய தமிழாசிரியரிடம் வந்து கேட்பர். அவ்வாறு கேட்கப்பெறும் ஆசிரியர்க்கு விடை கூற உதவும் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

உயிரியல் பட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் மாணவர் ஒவ்வொருவரும் தாமே ஓர் ஆய்வு செய்து, அதனை எழுதி, அவையோர் முன்னிலையில் எடுத்துரைக்க வேண்டும். மலாயில் 'புரோஜெக் தாஹுன் ஆக்கீர்' என்று வழங்குவது இதுதான். இந்நாட்டு முறைப்படி இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேர உழைப்பு. இறுதி ஆய்வுக்கு ஆறு கிரெடிட் எனக் கொண்டால் 240 மணி நேரமாகிறது. இதனைத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் ஓடி முடித்துவிடலாம் என்று எண்ணுவோர்தாம் பெரும்பாலும் இடறுகின்றனர். மற்றப் பாடங்களில் வினாவை ஆசிரியர் தருவார். விடை புத்தகத்தில் இருக்கும். இங்கோ வினாவையும் மாணவரே காண வேண்டும்; விடை எந்தப் புத்தகத்திலும் இராது.

நெகிரி செம்பிலானில் வளர்ந்த பிள்ளைக்கு வினா தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. ஜெலுபு மாவட்டத்திலுள்ள பாசோ காட்டினைப் பாருங்கள். 1970களின் முற்பகுதியில் மலேசிய, பிரிட்டிஷ், ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்கு ஒருங்கு கூடி உழைத்தனர். பின்னர் 1980களின் நடுவில், கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தார் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கன்று முதல் வானளாவிய மரம் வரை ஒன்று விடாமல் எண்ணிட்டுப் பதிந்தனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள்! அப்பணியில் பெரும்பங்கு கொண்ட மனோகரன், கொச்சும்மன் ஆகியோரின் பெயர்கள் இன்றும் வெப்பமண்டலக் காடுகளைப் பற்றிய ஆய்வேடுகளில் எடுத்தாளப்படுகின்றன.

அக்காட்டின் மூன்று புறமும் செம்பனை. அதனால் விளைந்தது ஒன்றுண்டு. கலான் இக்கிஸ் என்னும் ஆய்வாளர் 1990களில் அங்கே காட்டுப் பன்றிகள் அளவு கடந்து பெருகியிருப்பதைக் கண்டார். தோட்டத்தில் செம்பனைப் பழத்தைத் தின்று கொழுத்த பன்றி, ஈனுங்காலத்தில் காட்டுக்குள் புகுந்து இளஞ்செடிகளை முறித்துக் கூடு கட்டுகிறது. பன்றி புகாதபடி வேலியிட்ட சதுரங்களில் கன்றுகள் மிகுதியாக நின்றன. தோட்டத்துப் பழமே காட்டின் கன்றுகளைக் குறைக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. பன்றிக் கூட்டைத் தோட்டத்து வேட்டைக்காரர் எவர்தாம் அறியார்? அறிந்ததை வினாவாக்கி, அளந்து, ஒப்பிட்டுக் காட்டியதுதான் ஆய்வாளர் செய்தது. இறுதியாண்டு மாணவரிடம் சிறிய அளவில் எதிர்பார்க்கப்படுவதும் அதுவே.

இனி நம் கூகைக்கு வருவோம். வெண்கூகை தீபகற்பத்தில் முன்பு அரிதாகவே காணப்பட்ட பறவை. 1960களின் இறுதிக்குப் பின்னரே செம்பனைத் தோட்டங்களில் கூடு கட்டிப் பெருகலாயிற்று. பழத்தைக் கடித்துப் பாழாக்கும் எலியே அதற்கு உணவு. ஆதலால், அலறினால் ஆகாதென்று நம்மவர் அஞ்சிய பறவைக்குத் தோட்ட நிருவாகமே மரப்பெட்டி செய்து கம்பத்தில் ஏற்றி வைக்கலாயிற்று. ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது பொதுவான கணக்கு. கூகை எலியை முழுதாக விழுங்கும். செரியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அவ்வுருண்டையை நனைத்துப் பிரித்தால் மண்டையோடு கிடைக்கும். பல்லைப் பார்த்து இன்ன எலி எனக் கூறலாம். லயத்துப் பெரியவரைத் திகைக்க வைத்த பொறுக்கலின் பொருள் இதுதான்.

ஒரு மாணவி இதனைத் தன் ஆய்வுப் பொருளாகக் கொள்கிறாள் என வைத்துக்கொள்வோம். முதலில் அவள் வழிகாட்டும் விரிவுரையாளரை நாடுவாள். "கூகை எலியைக் கட்டுப்படுத்துகிறதா என்று பார்க்கப் போகிறேன்" என்றால் அவர் தலையை அசைப்பார். அது ஓராண்டில் அடங்கும் வினா அன்று. "மறுநடவு செய்த பகுதியிலும் முதிர்ந்த மரப் பகுதியிலும் கூகை தின்னும் எலி இனங்களின் விகிதம் வேறுபடுகிறதா?" என்று சுருக்கினால், ஆம், இது செய்யத் தகும் என்பார். பிறகு, முன்னர் இதுபற்றி எழுதியோர் யாவர், அவர் கண்டது யாது, காணாது விட்டது யாது என்று தேடிப் படித்து, ஆய்வு முன்மொழிவு எழுத வேண்டும். பல துறைகளில் முதற் கருத்தரங்கு இம்முன்மொழிவின் மீதே நடைபெறும்.

அடுத்து அனுமதிகள். தோட்ட நிருவாகியின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். அப்பா அங்கே மண்டோர் என்பது போதாது. கூகை, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பெறும் பறவை. பெட்டியைத் திறப்பதும் குஞ்சைத் தொடுவதும் உரிய துறையின் அனுமதியின்றிக் கூடா. முதுகெலும்புள்ள உயிர்களைக் கையாளும் ஆய்வாயின் பல்கலைக் கழகத்தின் நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். கீழே கிடக்கும் உருண்டையை மட்டும் பொறுக்குவதால் நம் மாணவிக்குச் சுமை குறையும். எனினும் கேட்டுத் தெளிந்த பின்னரே தொடங்க வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் நோயும், புல்லில் படுத்திருக்கும் நாகமும் உள்ளமையால் கையுறையும் பூட்சும் வேடிக்கைக்கு அணிவன அல்ல.

களப்பணியில் மாணவர் மிகுதியாகச் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ஒரு பெட்டியின் கீழ் அறுபது உருண்டைகளை எடுத்துவிட்டு, "அறுபது மாதிரிகள்" என்று எழுதுவர். அது தவறு. அறுபதும் ஒரே சோடிக் கூகை கக்கியவை. ஒரு பால்மரத்து மங்கினை அறுபது நாள் நிறுத்துவிட்டு, அறுபது மரத்தின் பாலை நிறுத்தேன் என்று சொல்வது போன்றதே இது. நிறுவை சரிதான், மரம் ஒன்றுதானே! ஹெர்ல்பர்ட் என்னும் சூழலியலார் 1984ஆம் ஆண்டில் இப்பிழைக்குப் 'போலி மறுசெய்கை' எனப் பொருள்படும் பெயரிட்டுக் காட்டினார். தேர்ந்த ஆய்வாளரும் இதில் வழுக்கி விழுந்திருப்பதை எடுத்துக் கூறினார். ஆகவே நம் மாணவி, மறுநடவில் பல பெட்டிகளையும் முதிர்ந்த பகுதியில் பல பெட்டிகளையும் தெரிந்து, பெட்டியையே ஓர் அலகாகக் கொள்ள வேண்டும். உருண்டை குறைந்தாலும் பெட்டி கூட வேண்டும். அப்பகுதிகளில் எலி நஞ்சு வைத்தார்களா, எப்போது வைத்தார்கள் என்பதையும் கேட்டுக் குறிக்க வேண்டும். நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் மடிவதுண்டு.

கள ஏட்டைப் பற்றி ஒரு சொல். அன்றன்று கண்டதை அன்றன்றே மையால் எழுத வேண்டும்; தவறானதைக் கோடிட்டு விடலாமேயன்றி அழித்தல் ஆகாது. ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ அமையும். அரசாங்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் சுருக்கம் இரு மொழியிலும் கேட்கப்படும். ஆயினும் கள ஏட்டின் ஓரத்தில் தமிழில் குறிப்பெழுதுவதை நான் குறையாகக் கருதவில்லை. "இன்று குலை வெட்டினார்கள், பெட்டியடியில் ஆள் நடமாட்டம் அதிகம்" என்று உடனே எழுதத் தமிழ்தான் கைக்கு வருமாயின் தமிழிலேயே எழுதட்டும். மொழிபெயர்ப்பதற்குள் மறந்துபோகும் செய்திகளே பின்பு பெரிதும் தேவைப்படுகின்றன.

எழுதி முடித்த ஆய்வேடு, பிறர் எழுத்தைக் களவாடியதா எனச் சோதிக்கும் கணினி நிரலைக் கடந்த பின்னர், இறுதிக் கருத்தரங்கு வருகிறது. பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடப் பேச்சு, அதன்பின் கேள்வி. நம் பிள்ளைகள் பேச்சில் தேறிவிடுகின்றனர். பள்ளிப் பேச்சுப் போட்டிகள் அவ்வளவுக்கு உதவுகின்றன. கேள்வி நேரத்தில்தான் வாயடைத்து நிற்கின்றனர். பெரியவர் கேட்டால் தலைகுனிந்து கேட்டுக்கொள்ளல் பணிவு என்று நாம் பழக்கினோம். அங்கோ அப்பணிவு அறியாமையாகக் கணக்கிடப்பட்டு மதிப்பெண் குறைகிறது. தமிழாசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மனனம் செய்த உரையின் முடிவில், கேட்டிருந்த மாணவர் இருவரை எழுப்பிக் கேள்வி கேட்கச் சொன்னால், ஆறாம் ஆண்டிலேயே இப்பயிற்சி தொடங்கிவிடும்.

தேர்வாளர் கேட்கும் வினா எத்தன்மைத்து? "உருண்டை முழுவதும் எலியெலும்பு என்கிறாய். ஆகவே கூகையால் தோட்டத்தில் எலி குறைந்தது என்று சொல்லலாமா?" ஆம் என்று கூறிவிடத் தோன்றும், ஆய்வுக்குப் பெருமை சேர்ப்பது போலவும் இருக்கும். ஆனால் உருண்டை கூகை எதைத் தின்றது என்பதைக் காட்டுமேயன்றி, தின்றது போக எத்தனை எலி எஞ்சியது என்பதைக் காட்டாது. "சொல்ல முடியாது, ஐயா. அதற்குப் பொறி வைத்து எலியைத் தனியே எண்ண வேண்டும், நான் எண்ணவில்லை" என்பதே சரியான விடை. அவ்வாறு விடையிறுப்பவரைத் தேர்வாளர் மகிழ்ந்து மேலும் கேட்பார்.

அதன் பின்னர் எஞ்சுவது, அவையில் சுட்டிய பிழைகளைத் திருத்தி, வழிகாட்டியின் கையொப்பம் பெற்று, குறித்த நாளுக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தல். கள ஏடும் அளவைகளும் துறையிலேயே தங்கும். தோட்ட நிருவாகிக்கு ஒரு பிரதி கொடுப்பது விதியில் இல்லை. ஆனால் கொடுத்தவருடைய தம்பி தங்கையர்க்கு அடுத்த முறை அத்தோட்டத்தின் கதவு எளிதில் திறக்கிறது. சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கிருந்த பெட்டிகளின் கீழ் கூகைகள் எதைக் கக்கின என்று இனி எவரும் பார்க்க இயலாது. லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் எஞ்சியுள்ள தோட்டங்களில் இன்னும் பார்க்கலாம்.