கடல் தெரியுற ஃபிளாட் சூப்பர்... தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடுவீங்க? வெளிநாட்டில் வாடகை வீடு எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ரிஷிவந்தியத்தில் ஒரு வீட்டில் நடு ராத்திரி ஏதோ கருகும் வாசனை வந்தால் என்ன செய்வோம்? கதவைத் திறந்து தெருவுக்கு வந்துவிடுவோம். "என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரர்களும் குடத்தோடு வந்துவிடுவார்கள். அதே ஆள் வேலைக்காக துபாயிலோ சிங்கப்பூரிலோ 18-வது மாடியில் தங்கியிருக்கிறார் என்றால், தெரு அவருக்கு ஐம்பது மீட்டருக்கும் கீழே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது.

வெளிநாட்டில் வீடு பார்க்கும்போது வாடகை எவ்வளவு, மெட்ரோ பக்கமா, வைஃபை உண்டா என்று எல்லாம் கேட்கிறோம். "ஆபத்து வந்தா எந்த வழியா வெளியே போறது?" என்று மட்டும் கேட்பதில்லை.

இது நமக்கு ஏன் முக்கியம்?

2023 ஏப்ரல் 15. துபாய் தேரா பகுதியின் அல் ராஸில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் நான்காவது மாடியில் மதிய நேரத்தில் தீப்பிடித்தது. 16 பேர் இறந்தார்கள், 9 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் இரண்டு பேர் நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டம், ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சங்கராபுரம் வட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இத்தனைக்கும் அது வானத்தைத் தொடும் டவர் இல்லை, ஐந்து மாடிக் கட்டடம்தான். கட்டடத்தில் பாதுகாப்பு விதிகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்பது முதல்கட்ட விசாரணையில் தெரிய வந்ததாக துபாய் சிவில் டிஃபென்ஸ் சொன்னது.

அடுத்த வருடம், 2024 ஜூன் 12. குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விடியற்காலையில் தீ. 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள், அதில் 7 பேர் தமிழர்கள்.

தீயைவிட புகைதான் எமன்

மங்காஃபில் தீ பிடித்தது தரைத்தளத்தில். ஆனால் இறந்தவர்களில் பலர் மேல் மாடிகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அறைகளைப் பிரிக்க எளிதில் தீப்பிடிக்கும் தடுப்புகளைப் பயன்படுத்தியிருந்ததால் கரும்புகை கிளம்பி, படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. தப்பிக்க மொட்டை மாடிக்கு ஓடியவர்களுக்கு அங்கே கதவு பூட்டியிருந்தது.

படிக்கட்டுக் கதவு திறந்து கிடந்தால், படிக்கட்டு ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். தீயணைப்புத் துறையின் சாதாரண ஏணி வண்டிகள் எட்டுவது சுமார் 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய பத்து மாடி. அதற்கு மேலே இருப்பவர்களுக்குப் படிக்கட்டும், கதவும், அலாரமும்தான் காப்பு.

பணக்கார நகரம் என்றால் இதெல்லாம் சரியாக இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று 24 மாடி கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரை அழகாக்க ஒட்டிய கிளாடிங் பலகைகள்தான் தீயை மேலே மேலே ஏற்றின. ஹாங்காங்கின் தாய் போ பகுதியில் 2025 நவம்பர் 26 அன்று வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பராமரிப்பு வேலைக்காக அந்த டவர்களைச் சுற்றிச் சாரம் கட்டி வலை போர்த்தியிருந்தார்கள். அங்கே அலாரங்களும் ஒழுங்காக வேலை செய்யவில்லை.

வீடு பார்க்கப் போகும்போது: பத்து நிமிட செக்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

1. லிஃப்ட்டில் மேலே போங்கள், இறங்கும்போது படிக்கட்டில் இறங்குங்கள். இரண்டு படிக்கட்டுகள் இருக்கின்றனவா? வழியில் சைக்கிள், பழைய சோஃபா, அட்டைப்பெட்டி கிடக்கிறதா? கீழே போய்ச் சேரும் கதவு திறக்கிறதா?

2. உங்கள் கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டுதான் போக வேண்டும்.

3. படிக்கட்டுக் கதவையும் ஃபிளாட்டின் மெயின் கதவையும் திறந்துவிட்டுப் பாருங்கள். தானாக மூடிக்கொள்ள வேண்டும். கல்லோ ஆப்போ வைத்துத் திறந்தே வைத்திருந்தால் எச்சரிக்கை.

4. ஃபிளாட்டுக்குள் புகை அலாரம் இருக்கிறதா? டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்கு இது கட்டாயம். பழைய வீடு என்றால் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

5. சீலிங்கில் ஸ்ப்ரிங்க்ளர் இருந்தால் அதன் மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்களா, துணி காயப்போடுகிறார்களா என்று பாருங்கள்.

6. வெளிச்சுவரில் என்ன கிளாடிங், மாற்றியிருக்கிறார்களா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். "தெரியாது சார்" என்றால் கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள்.

7. குழந்தை இருந்தால் ஜன்னலையும் பால்கனியையும் முதலில் பாருங்கள். ஜன்னல் எவ்வளவு தூரம் திறக்கிறது? பால்கனிக் கம்பி ஓரமாக ஏறி நிற்கிற மாதிரி ஏசி யூனிட்டோ ஸ்டூலோ இருக்கிறதா?

குடிபோன பிறகு ஒன்று: இ-ஸ்கூட்டரை வாசல் கதவு பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். லித்தியம் பேட்டரி வெடித்தால் உங்கள் ஒரே வழி அடைபட்டுவிடும்.

"எனக்கு பெட் ஸ்பேஸ்தான் கட்டுப்படியாகும்"

இதுதான் நிஜம். மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் ஒருவருக்கு ஏழு பாயின்ட்டும் சரியாக இருக்கும் வீடு கிடைப்பது கஷ்டம். ஒரு ஹாலை பிளைவுட், திரைச்சீலை போட்டு நாலாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கட்டில் கொடுப்பதுதான் பெட் ஸ்பேஸ், பார்ட்டிஷன் ரூம். 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி அல் ரிக்கா, சத்வா போன்ற பகுதிகளில் அனுமதியில்லாத பார்ட்டிஷன்கள் மீது நடவடிக்கை எடுத்தது. ஆபத்து தெரிந்தேதான் பலர் தங்குகிறார்கள், போக வேறு இடம் இல்லை.

அப்படித் தங்குபவர்களும் மூன்று விஷயங்களைச் செய்யலாம். தடுப்புக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத கட்டில் வேண்டாம், கதவுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கேளுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இண்டக்‌ஷன் அடுப்பும் அயர்ன் பாக்ஸும் சேர்த்துப் போடும் ரூமைத் தவிருங்கள். படிக்கட்டும் மொட்டை மாடிக் கதவும் பூட்டியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அமீரகத்தில் உதவி வேண்டுமென்றால் இந்தியத் தூதரகங்களின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவை 800 46342-ல் அழைக்கலாம்.

பேப்பரில் உங்கள் பெயர் இருக்கா?

துபாயில் வாடகை ஒப்பந்தத்தை எஜாரியில் பதிவு செய்ய வேண்டும். உடன் தங்குபவர்களின் பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்று 2022-ல் சொல்லிவிட்டார்கள். இது வெறும் ஃபார்மாலிட்டி இல்லை. பதிவில் பெயர் இல்லை என்றால், அந்த வீட்டில் நீங்கள் இருந்ததற்கே அத்தாட்சி இல்லை.

ஹவுஸ் ஓனரின் இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கட்டடத்துக்குத்தான், உங்கள் லேப்டாப்புக்கும் சர்ட்டிஃபிகேட்டுக்கும் இல்லை. இ.சி.ஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் கிடைக்கும். பாலிசி நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தீப்பிடித்தால் என்ன செய்யணும்?

உங்கள் ஃபிளாட்டிலேயே தீ என்றால், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவை மூடிவிடுங்கள். பாஸ்போர்ட் தேட நிற்க வேண்டாம். லிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

வேறு மாடியில் தீ என்றால், அந்தக் கட்டடத்தின் விதி என்ன என்பதைப் பொறுத்தது. அதனால்தான் முன்பே கேட்டு வைக்க வேண்டும். சில கட்டடங்களில் உள்ளேயே இருக்கச் சொல்வார்கள். ஆனால் கிரென்ஃபெல்லில் அந்த அறிவுரையைக் கைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. தீயோ புகையோ உங்கள் வீட்டை நெருங்கினால், வழி தெளிவாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

வெளியே போகும் வழி முழுக்கப் புகை என்றால் கதவை மூடி, இடுக்கில் ஈரத்துணி அடைத்து, ஜன்னல் பக்கம் போய், மாடி எண்ணையும் ஃபிளாட் எண்ணையும் போனில் சொல்லுங்கள். அவசர எண்கள்: அமீரகம் 997, சிங்கப்பூர் 995, குவைத் 112, பிரிட்டன் 999.

ஊரில் இருப்பவர்களுக்கு

மகன் புது ஃபிளாட்டிலிருந்து முதல் வீடியோ கால் போடுவார். பால்கனியைக் காட்டுவார், ஊர் வெளிச்சத்தைக் காட்டுவார். "சாப்டியா தம்பி?" என்று கேட்ட கையோடு இன்னொன்றும் கேளுங்கள்: "படிக்கட்டு எங்க இருக்கு, போய்க் காட்டு."