‘தா..திமி, தா..திமி’: அயர்ன் மெய்டன் ஸ்டீவ் ஹாரிஸ் மாதிரி பேஸ் கிட்டார் வாசிப்பது எப்படி?

செல்போன் ஸ்பீக்கரில் பாட்டு கேட்டால் பேஸ் கிட்டார் சத்தம் பெரும்பாலும் காதில் விழாது. பேஸ் கிட்டாரின் தடிமனான தந்தியைத் தட்டினால் அது விநாடிக்கு சுமார் 41 முறை அதிரும். அவ்வளவு தாழ்ந்த ஒலியை வெளியே தள்ளும் சக்தி போனுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு கிடையாது. ஆனால் அதே போனில் இங்கிலாந்தைச் சேர்ந்த ‘அயர்ன் மெய்டன்’ குழுவின் பாட்டைப் போட்டுப் பாருங்க. கிட்டார்களுக்கு அடியில் ‘டக்..டக்கு, டக்..டக்கு’ன்னு குதிரைக் குளம்பு மாதிரி ஒரு சத்தம் தனியாகத் தெரியும். அதுதான் ஸ்டீவ் ஹாரிஸ்.

ஹெவி மெட்டல் இசையில் பேஸ் வாசிக்க வரும் பிள்ளைகள் முதலில் காப்பி அடிக்கப் பார்ப்பது இவரைத்தான். பாதிப் பேர் இரண்டு வாரத்தில் கை வலிக்குது என்று விட்டுவிடுவதும் இவரிடம்தான். அவர் வாசிப்பில் அப்படி என்ன இருக்கு?

யார் இந்த ஸ்டீவ் ஹாரிஸ்?

1956 மார்ச் 12-ம் தேதி கிழக்கு லண்டனில் உள்ள லேட்டன்ஸ்டோனில் பிறந்தவர். சின்ன வயதில் கால்பந்துதான் உயிர். வெஸ்ட் ஹாம் கிளப்பில் இளைஞர் அணிப் பயிற்சி வரைக்கும் போனவர். இசையில் அவர் முதலில் ஆசைப்பட்டது டிரம்ஸ் மேல். வீட்டில் வைத்து அடிக்க முடியாத வாத்தியம் என்பதால் பேஸ் பக்கம் வந்தார். 17 வயதில் 40 பவுண்டுக்கு ஒரு பிரபல மாடலின் நகல் பேஸ் கிட்டார் வாங்கினார். வாத்தியார் யாரும் கிடையாது, தானாகவே கற்றுக்கொண்டார். பகலில் வரைபடம் வரையும் வேலை, ராத்திரி கச்சேரி. 1975-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அயர்ன் மெய்டனைத் தொடங்கினார். இன்று வரை அந்தக் குழுவின் தலைவரும் அவர்தான், பெரும்பாலான பாட்டுகளை எழுதுபவரும் அவர்தான். அவருடைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் மேல் வெஸ்ட் ஹாம் சின்னம் ஒட்டியிருக்கும்.

நமக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2007 மார்ச் 17-ம் தேதி பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது. உச்சத்தில் இருந்த ஒரு பெரிய மெட்டல் குழு இந்தியாவுக்கு வந்த முதல் பெரிய நிகழ்ச்சி அது. 2008 பிப்ரவரி 1-ல் மும்பை, 2009-ல் மறுபடியும் பெங்களூரு. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் வரிசையாக இருக்கு. ஆற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் கலவையில் இருந்து கிளம்பினாலும் ஒரு பஸ் மாறினால் அந்த நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். மெட்டல் இசை என்றால் கேட்கிறவங்க மும்பையிலும் ஷில்லாங்கிலும்தான் இருப்பாங்க என்று நினைக்க வேண்டியதில்லை.

அந்தக் ‘குதிரை ஓட்டம்’ என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ‘கேலப்’ என்பார்கள். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மேற்கத்திய நொட்டேஷனே தேவையில்லை. மிருதங்கம் படித்தவர் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஒரு தாளத் தட்டை நான்காகப் பிரித்தால் ‘த-க-தி-மி’. இதில் இரண்டாவதாக வரும் ‘க’வை மட்டும் வாய்க்குள் விழுங்கிவிட்டு, ‘த’வை அந்த இடம் வரைக்கும் இழுங்க. ‘தா..திமி, தா..திமி, தா..திமி’. ஒரு நீளம், இரண்டு குட்டை. அவ்வளவுதான் கேலப்.

புதுசா வாசிக்கிறவங்க இங்கேதான் கோட்டை விடுவாங்க. வேகம் கூடக்கூட அந்த ‘தா’ சுருங்கி, மூன்றும் சம அளவாகி ‘தகிட, தகிட’ என்று ஆகிவிடும். கேட்பதற்கு கிட்டத்தட்ட ஒன்று மாதிரிதான் இருக்கும். ஆனால் குதிரை நின்றுபோய் ஊஞ்சல் ஆடுற உணர்வு வரும். போனில் ரெக்கார்ட் பண்ணிக் கேட்டால் உடனே தெரியும், வாசிக்கும்போது தெரியாது.

1983-ல் வந்த ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ ஆல்பத்தில் ‘தி ட்ரூப்பர்’ என்று ஒரு பாட்டு. 1854-ல் கிரிமியப் போரில் பாலக்லாவா என்ற இடத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து அழிந்த சம்பவம்தான் அதன் கரு. அதனால் அங்கே குளம்புச் சத்தம் சும்மா அலங்காரத்துக்கு வரவில்லை. அந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு சுமார் 160 தட்டு. ஒரு தட்டுக்கு மூன்று ஸ்வரம் வீதம் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 480, அதாவது விநாடிக்கு 8. மேடையில் இன்னும் வேகமாகப் போகும். இதை அவர் பிளெக்ட்ரம் வைத்து வாசிப்பதில்லை. மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி மாதிரி பலர் பிளெக்ட்ரம் வைத்துத்தான் அடிப்பார்கள். ஹாரிஸுக்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும்.

இரண்டு விரலில் மூன்று அடி எப்படி?

இதுதான் உண்மையான சிக்கல். விரல் இரண்டு, அடி மூன்று. மாற்றி மாற்றி வாசித்தால் முதல் ‘தா’ ஆள்காட்டி விரலில் வரும், அடுத்த ‘தா’ நடுவிரலில் வரும். இரண்டு விரலுக்கும் பலம் ஒன்றாக இருக்காது. அதனால் ஒரு தட்டு சத்தமாகவும் அடுத்தது சோப்ளாங்கியாகவும் கேட்கும்.

இன்னொரு வழியும் இருக்கு. ‘தா’ ஆள்காட்டி விரல், ‘தி’யும் ஆள்காட்டி விரல், ‘மி’ நடுவிரல். ‘தா’வுக்கும் ‘தி’க்கும் நடுவில் விழுங்கின ‘க’ அளவுக்கு நேரம் இருப்பதால், அதே விரல் திரும்பி வந்து தட்ட அவகாசம் கிடைக்கும். ஒவ்வொரு தட்டும் ஒரே விரலில் தொடங்குவதால் அழுத்தமும் சீராக இருக்கும். ஆரம்பத்தில் இதுவே சுலபம். ஆனால் முதல் முறையையும் விட்டுவிடக் கூடாது. பாட்டு நடுவில் கேலப்பை விட்டு ஓட்டமான வரிகளுக்குத் தாவும்போது மாற்றி மாற்றி வாசிக்கும் பழக்கம்தான் கைகொடுக்கும்.

மெட்ரோனோம் ஆப்பை 70-ல் வையுங்க. 160-ல் வைத்துத் தொடங்கி தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்தே கை கற்றுக்கொள்ளும். தொடர்ந்து ஐந்து நிமிடம் சீராக வந்த பிறகுதான் 75. இடது கையை தந்திகள் மேல் லேசாகப் படுக்கவைத்து, ஸ்வரமே வராமல் வெறும் ‘டக் டக்’ மட்டும் வாசித்துப் பழகுவது நல்ல பயிற்சி. பக்கத்து வீட்டுக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சத்தத்தின் ரகசியம் தந்தியில்

பேஸ் தந்திகளில் இரண்டு வகை பிரபலம். உருண்டைக் கம்பி சுற்றியது ஒன்று, தட்டையான பட்டை சுற்றியது மற்றொன்று. தட்டை வகை வழவழப்பாக இருக்கும், சத்தம் மந்தமாக வரும், பழைய சினிமா பாட்டு மாதிரி. மெட்டல்காரர்கள் பளிச்சென்ற சத்தம் தரும் உருண்டை வகையைத்தான் எடுப்பார்கள். ஹாரிஸ் பயன்படுத்துவது தட்டை வகை. ரோட்டோசவுண்ட் நிறுவனம் அவர் பெயரிலேயே அந்தத் தந்தியை விற்கிறது. வழக்கத்தைவிட தடிமனான செட்.

அப்புறம் எப்படி போனில்கூட கேட்குது? ஒன்று, கச்சேரிக்குக் கச்சேரி புதுத் தந்தி போடுவார். இரண்டாவது, தந்தி போய் ஃபிரெட் கம்பியில் மோதும் அளவுக்கு பலமாக அடிப்பார். அந்த மோதல்தான் ‘டக்’. எஃபெக்ட் பெட்டி வாங்கினால் இந்தச் சத்தம் வரும் என்று காசை இறைப்பவர்கள் உண்டு. பெட்டியைவிட விரலுக்குத்தான் இதில் வேலை அதிகம். நமக்கெல்லாம் கச்சேரிக்கு ஒரு செட் தந்தி கட்டுப்படியாகாது. வாசித்து முடித்ததும் வியர்வை போகத் துணியால் துடைத்து வைத்தாலே தந்தி நாள் தாங்கும்.

இடது கை பக்கம் பெரிய வித்தை எதுவும் இல்லை என்று நினைத்துவிடாதீங்க. ஹாரிஸ் பேஸை பின்னணியில் ஒளித்துவைப்பதில்லை. கிட்டார் போடும் மெட்டையே கூடவே வாசிப்பார், இல்லையென்றால் தனி மெட்டு ஒன்றை நடத்துவார். நடு நடுவே இரண்டு தந்திகளைச் சேர்த்து அடித்து பேஸையே கிட்டார் ஆக்கிவிடுவார். இது தமிழ்க் காதுக்குப் புதுசு இல்லை. இளையராஜாவின் 80-களின் பாட்டுகளை ஹெட்போனில் கேட்டவர்களுக்கு, பேஸ் தன் போக்கில் தனி மெட்டு பாடுவது பழகின விஷயம். ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுகளில் சென்னையின் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேட்டவர்களும் தலையாட்டுவார்கள்.

கை பத்திரம்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் வெட்டுகிறவர், ஷூ தைக்கிறவர், மெஷினில் உட்காருகிறவர் எல்லோருக்கும் கைதான் சோறு. எட்டு மணி நேரம் ஒரே அசைவைச் செய்த கையோடு வீட்டுக்கு வந்து, விநாடிக்கு எட்டு அடி வாசித்தால் தசைநாண் தாங்குமா என்பது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தவுடன் பேஸைத் தொடாமல், கையை உதறி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கொஞ்ச நேரம் விட்டு ஆரம்பிப்பது நல்லது. இருபது நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. முன்கையில் சோர்வு வருவது இயல்பு. மணிக்கட்டில் சுருக்கென்ற வலியோ, விரல் மரத்துப்போவதோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். மறுநாளும் தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை மூலம் மீட்கத் தொடங்கியது வேலூர் சி.எம்.சி-யில்தான். கை விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கு அப்படி ஒரு பெயர் இருக்கு.

மெட்டல் இசையே ஒரு தொழிற்சாலை விபத்தில் இருந்து உருவெடுத்தது என்று சொல்வார்கள். பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு 17 வயது. வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில் மெஷின் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்துவதும் அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, அதன் மேல் பழைய ஜாக்கெட்டில் வெட்டிய தோலை ஒட்டிக்கொண்டு வாசித்தார். வலிக்காமல் இருக்க தந்தியையும் தளர்த்தினார். அவரோடு சேர்ந்து பேஸ் வாசித்த கீசர் பட்லரும் தளர்த்த வேண்டியதாயிற்று. பிளாக் சப்பாத் குழுவின் அந்தக் கனமான சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஒரு துண்டு தோல் இசை வரலாற்றில் இடம் பிடித்த கதை அது.

எங்கே, எதில் தொடங்குவது?

ஆரம்பநிலை நாலு தந்தி பேஸ், பத்து பதினைந்தாயிரம் ரூபாய் அளவில் கிடைப்பதே போதும். ஆம்ப்ளிஃபயர் உடனே வேண்டாம், ஹெட்போன் மாட்டும் சின்ன கருவி போதும். ஹாரிஸே நகல் கிட்டாரில் தொடங்கியவர்தான். பக்கத்தில் வகுப்பு இல்லையென்றால் சர்ச் பாட்டுக்குழுவிலோ லைட் மியூசிக் ஆர்க்கெஸ்ட்ராவிலோ பேஸ் வாசிக்கிற அண்ணன் யாராவது இருக்காரா என்று விசாரியுங்க. அவருக்கு மெட்டல் தெரியாமல் இருக்கலாம். விரலை எப்படி வைப்பது, டிரம்ஸோடு எப்படிச் சேர்ந்து போவது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். இரண்டாவது விஷயம் யூடியூபில் கிடைக்காது.

பாட்டு வரிசையில் முதலில் 1981-ன் ‘ராத்சைல்ட்’. தொடக்கத்திலேயே பேஸ் தெளிவாகக் கேட்கும். அடுத்து ‘ரன் டு தி ஹில்ஸ்’, கேலப்புக்கு. ‘தி ட்ரூப்பர்’ அதற்குப் பிறகு. முதல் ஆல்பத்தில் இருக்கும் ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வை ஒரு வருடம் கழித்துத் தொட்டால் போதும். ஏழு நிமிடத்துக்குள் அத்தனை திருப்பங்கள். காலை மானிட்டர் மேல் தூக்கிவைத்து, பேஸை துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டும் அவருடைய போஸை மட்டும் கடைசிக்கு வையுங்க. அப்படி நின்றால் மணிக்கட்டு வளையும், பழகாத கைக்கு ஆகாது.