உங்களுக்குத் தெரியுமா? பாதி வோல்டேஜ் சொல்லும் பழுது

நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கிய எல்எம்386, 8 கால்கள் கொண்ட சிறிய ஆடியோ ஆம்ப்ளிஃபயர் ஐசி. 9 வோல்ட் பேட்டரியிலேயே ஸ்பீக்கரை ஒலிக்கவைக்கும்.

● 1, 8 ஆகிய கால்களை இணைக்காமல் விட்டால் சிக்னல் 20 மடங்கு பெருகும். அவற்றுக்கிடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் 200 மடங்கு!

● சிக்னல் இல்லாதபோது வெளியீட்டுக் காலான 5-இல் சப்ளையின் பாதி, அதாவது ஏறத்தாழ 4.5 வோல்ட் இருக்கும். இந்த டிசி ஸ்பீக்கருக்குள் போகாமல் தடுக்கவே இடையில் சுமார் 250 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

● சத்தமே வரவில்லையா? மல்டிமீட்டரை முதலில் 5-ஆம் காலில் வையுங்கள். பாதி வோல்டேஜ் இல்லையென்றால் சப்ளை, இணைப்பு, ஐசி மூன்றையும் சோதியுங்கள். இருந்தால் உள்ளீட்டையும் ஸ்பீக்கர் பக்கத்தையும் பாருங்கள்.

● ஊளைச் சத்தமா? சப்ளைக் காலான 6-க்கு மிக அருகில், கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். 5-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓம் ரெசிஸ்டரும் 0.05 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஐசியைக் கழற்றும் முன் அளந்து பாருங்கள். பல நேரங்களில் பழுது அதற்கு வெளியேதான் இருக்கும்.