மூளையின் வெண்பகுதியும் முதுமை மறதியும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய என் தாயார், 72 வயதில் நடை தளர்ந்து போனார். காலைத் தூக்கி வைக்காமல், தரையைத் தேய்த்துக்கொண்டு சின்னச் சின்ன அடியாக நடப்பார். பழைய சங்கதிகளை அவர் மறக்கவில்லை. எந்தத் தண்டல் எந்த ஆண்டு மாற்றலாகிப் போனார் என்பதுகூட நினைவில் இருந்தது. ஆனால் உலை வைப்பது, குழம்பு கூட்டுவது என்ற இரண்டு வேலைகளை முன்பின்னாக அடுக்கிச் செய்ய அவரால் முடியவில்லை. ஒன்றைக் கேட்டால் பதில் வர வெகு நேரமாகும். "ஏம்மா, வேணும்னே பேசாம இருக்கியா?" என்று நான் பல நாள் கடிந்துகொண்டேன். அக்கம்பக்கத்தார் காற்றுக் கருப்பு என்றார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினோம். பிள்ளைகளுக்குப் பொறுமை போதிக்கும் வாத்தியார் பெற்றவளிடம் அதைக் காட்டவில்லை.

கடைசியில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். மருத்துவர் அதை வெளிச்சத்தில் வைத்து, மூளையின் நடுவே பஞ்சு சிதறியதுபோல் இருந்த வெள்ளைத் திட்டுகளைக் காட்டினார். அந்தத் திட்டுகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் மூளையின் மேற்புறம் சாம்பல் நிறமானது. எண்ணுவதும் உணர்வதும் அங்கே நடக்கின்றன. அதற்கு உள்ளே இருப்பது வெண்பகுதி. முன்பு தோட்டத்து ஆபீசுக்கும் ரப்பர் ஆலைக்கும் இடையே டெலிபோன் கம்பி ஓடியதே, அதைப்போல மூளையின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு இழைகள் கோடிக்கணக்கில் அங்கே ஓடுகின்றன. பெரும்பாலான இழைகளுக்கு மேலே கொழுப்பால் ஆன உறை உண்டு. அந்தக் கொழுப்புதான் அதற்கு வெண்ணிறம் தருகிறது. உறை கெட்டால் செய்தி தாமதப்படும், அல்லது போய்ச் சேராது. ஆபீசும் இருக்கிறது, ஆலையும் இருக்கிறது. நடுவில் கம்பிதான் பழுது. என் தாயாருக்கு நினைவு இருந்தும் வேலை ஓடாததன் காரணம் இதுவே.

கம்பி ஏன் பழுதாகிறது? பழைய லயத்தில் குழாய்த் தண்ணீர் வந்த கதையை நினைத்துப் பாருங்கள். முதல் வீட்டில் நன்றாக ஊற்றும். கடைசி வீட்டில் சொட்டும். மூளையின் ஆழத்தில் உள்ள வெண்பகுதியும் அப்படிக் கடைசி வீடுதான். மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களின் நுனியில் அது இருக்கிறது. டாரா திங்கி என்று நாம் சொல்லும் இரத்தக் கொதிப்பு பல ஆண்டுகள் இருந்தால் இந்தச் சிறு குழாய்கள் தடித்துச் சுருங்கும். இனிப்பு நீரும் புகைபிடித்தலும் அதற்குத் துணை போகும். கடைசி வீடு முதலில் வாடும்.

இதை 1894ஆம் ஆண்டிலேயே ஓட்டோ பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். 1906இல் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த மறதி நோய் வேறு வகை. அதில் மூளைக்குள் ஒருவகைப் புரதம் படிந்து நினைவு முதலில் போகும். வயதானவர்கள் பலருக்கு இரண்டும் கலந்தே வருகின்றன. அக்காலத்தில் மூளையைப் பார்க்க மனிதர் இறந்த பிறகுதான் முடியும். 1971இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஹவுன்ஸ்பீல்டின் சி.டி. கருவி உயிருள்ள ஒருவரின் மூளையை முதன்முதலில் அடுக்கடுக்காகப் படம் பிடித்தது. பிறகு வந்தது எம்.ஆர்.ஐ.

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்ரே இல்லை, காந்தம்தான். சாதாரணமாகப் பயன்படும் 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமை வாய்ந்தது. ஆகவே தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மறுத்து என் அத்தை ஒருவர் திரும்பியே வந்துவிட்டார். ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போயிருக்கலாம்! இதயத்தில் கருவி பொருத்தியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உள்ளே தகரத்தைத் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும், வலி கிடையாது. உடம்பிலுள்ள நீர் தரும் சைகையைக் கருவி படமாக்குகிறது. உறை கெட்ட இடத்தில் நீர் கூடுதலாகத் தேங்குவதால் அவ்விடம் வெள்ளையாகத் தெரியும்.

1994இல் இன்னொரு முறை வந்தது. அதை நமக்குப் புரியும்படி சொல்கிறேன். நல்ல மரத்தில் பால் வெட்டிய கோட்டிலேயே இறங்கி மங்கில் விழும். பட்டை மழையில் நனைந்திருந்தால் கோட்டை விட்டு மரமெல்லாம் பரவும். நல்ல நரம்பிழையில் நீர் இழையின் போக்கிலேயே நகர்கிறது. கெட்ட இழையில் பல பக்கமும் பரவுகிறது. இந்த வேறுபாட்டை அளந்து, வெள்ளைத் திட்டு தோன்றுவதற்கு முன்பே சேதத்தைக் கண்டுகொள்ள முடிகிறது.

திட்டு இருப்பவர்களெல்லாம் மறதி நோயாளிகள் அல்லர். அறுபதைத் தாண்டிய பலருக்குச் சிறு புள்ளிகள் இருக்கும். புள்ளிகள் சேர்ந்து பெருந்திட்டாகும்போதுதான் கவலை.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரம் என்ற வட்டாரம் உண்டு. அங்குள்ள கிராமத்து மக்களிடையே, பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் 2018 முதல் ஓர் ஆய்வு நடத்தி வருகிறது. 45 வயதும் அதற்கு மேலும் ஆன 10,000 பேரைச் சேர்த்து, இரத்தம், நினைவாற்றல், மூளைப்படம் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது நோக்கம். எனக்கு இது பெரிய காரியமாகப் படுகிறது. என் தாயாரிடம் இன்று என்ன தேதி என்று கேட்டார்கள். பெரட்டு மணியை வைத்தே வாழ்ந்தவர் தேதியை என்றைக்குப் பார்த்தார்? படத்துக்குப் படிப்புத் தேவையில்லை.

2019இல் அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு வெளிவந்தது. கொதிப்பின் மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்தவர்களுக்கு ஏறத்தாழ 4 ஆண்டுகளில் வெண்பகுதிச் சேதம் 1.45 கன சென்டிமீட்டர் கூடியது. 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு 0.92தான் கூடியது. அந்த ஆய்வில் இனிப்பு நீர் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே உங்கள் எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்துவது நம்மவர் வழக்கம். என் தாயாரும் அப்படித்தான் பல ஆண்டுகள் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டார்.

கெட்ட இழை திரும்புவதில்லை. இப்போது மாத்திரையை என் மனைவி கையில் கொடுத்து, விழுங்கும் வரை பார்த்துக்கொள்கிறாள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறோம். நான் கேள்வி கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பதில் வருகிறது, நேயர்களே. கொஞ்சம் நேரமாகிறது, அவ்வளவுதான்.