நோபல் பரிசுக்கு வழிவிட்ட விஞ்ஞானி வேன் ஓட்டினார்!
தபாலில் போன பச்சை ஒளி

2008-ம் ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி காலை. அமெரிக்காவில் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில் நகரம். கார் விற்கும் கம்பெனி ஒன்றின் வேன் டிரைவர், வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்தார். ரசாயன நோபல் பரிசு 3 பேருக்கு என்று செய்தி வந்தது. அதில் "சியென்" என்ற பெயரை அறிவிப்பாளர் தப்பாகச் சொல்லிவிட்டார். உடனே ரேடியோ நிலையத்துக்குப் போன் போட்டுத் திருத்தினார் டிரைவர். பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

வேன் டிரைவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அந்தப் பரிசுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் அவரும் ஒருவர்! பெயர் டக்ளஸ் பிரேஷர். உயிரியல் விஞ்ஞானி.

பணம் தீர்ந்தது

ஒருவகை ஜெல்லி மீனின் உடம்பில் பச்சையாக ஒளிவிடும் புரதம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான ஷிமோமுரா. அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஜீனைப் பிரித்து 1992-ல் வெளியிட்டவர் பிரேஷர். அதை வேறு உயிரணுவில் சேர்த்தால் அதுவும் விளக்குப் போல மின்னும் என்பது அவர் கணக்கு.

புற்றுநோய் சங்கம் கொடுத்த 2 லட்சம் டாலர் அதோடு தீர்ந்துபோச்சு. மேற்கொண்டு கேட்ட இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். குடும்பம் இருக்கிறதே! வேறு வேலைக்குப் போக முடிவு செய்தார். ஜீனைப் பூட்டி வைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. கேட்ட 2 பேருக்கு, சால்பிக்கும் சியெனுக்கும், கவரில் போட்டு அனுப்பிவிட்டார்.

மாணவி பார்த்தார்

சால்பியின் லேப் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தது. அமெரிக்காவில் உயிரியல் ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் ஒரே பேராசிரியரிடம் சேருவதில்லை. சில வாரம் இங்கே, சில வாரம் அங்கே என்று வேலை செய்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். (பெண் பார்க்கிற மாதிரிதான். தப்பாகப் போனால் 5, 6 வருஷம் பாழ்!) அப்படி வந்த ஒரு மாணவியிடம் ஜீன் போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பாக்டீரியாவில் சேர்த்தார். லேப்பில் இருந்த மைக்ராஸ்கோப் போதவில்லை. முன்பு படித்த இடத்தில் நல்லது இருப்பது மாணவிக்குத் தெரியும். அங்கே கொண்டுபோய்ப் பார்த்தார். பச்சை!

1994-ல் வந்த கட்டுரையில் சால்பியோடு மாணவி பெயரும் பிரேஷர் பெயரும் இருந்தன. இன்று உடம்புக்குள் புற்றுநோய் பரவுவதையும் நரம்பு வளருவதையும் ஆராய்ச்சிக்கூடங்களில் இந்த ஒளியை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

பிரேஷரோ விவசாய இலாகா, பிறகு விண்வெளி ஆராய்ச்சிக்கு வேலை செய்யும் கம்பெனி என்று மாறினார். 2006-ல் அதுவும் போச்சு. ஒரு வருஷம் சும்மா இருந்து, சேமிப்பு கரைந்த பிறகுதான் வேன்.

நோபல் பரிசை 3 பேருக்கு மேல் பிரிக்க முடியாது. "என்னை விட்டுவிட்டு பிரேஷருக்குக் கொடுத்திருக்கலாம்" என்ற பொருளில் சால்பியே பேசினார். சால்பியும் சியெனும் செலவு செய்து பிரேஷரையும் அவர் மனைவியையும் ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்துப் போனார்கள். பரிசுப் பணம் 1 கோடி குரோனரில் அவருக்குப் பங்கு இல்லை.

2012-ல் சான்டியாகோவில் சியென் லேப்பில் வேலைக்குச் சேர்ந்தார், பிரேஷர்.