வாசல் மாறாமல் உள்ளே நடந்த வேலை

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக உதகை, குன்னூர், கூடலூர் பகுதி மாணவர்களுக்கும் வந்து சேர்ந்த கணினிகளில், சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் சேர்த்து நிறுவப்பட்டது. அதன் அடித்தளம் லினக்ஸ் கர்னல், அதாவது நினைவகம், வட்டு, விசைப்பலகை ஆகியவற்றை நேரடியாக ஆளும் மைய நிரல். மாணவர் தட்டச்சு செய்த கட்டுரையைச் சேமிக்க வேண்டிய செயலி தானாக வட்டைத் தொட முடியாது. 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் அது 'ரைட்' சேவைக்குரிய எண் 1-ஐ ஒரு பதிவகத்தில் (பிராசஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடத்தில்) இட்டு, எந்தக் கோப்பு, தரவு எங்கே உள்ளது, எத்தனை பைட் என்ற மூன்று விவரங்களை வேறு பதிவகங்களில் வைத்துக் கர்னலிடம் கோரிக்கை விடுக்கிறது. இக்கோரிக்கைக்கு சிஸ்டம் கால் என்று பெயர்.

கோத்தகிரியின் சிறு விவசாயி பசுந்தேயிலையை எடைபோட்டுக் கொடுக்கும் முறை, தொழிற்சாலைக்குள் இயந்திரங்கள் மாறினாலும் மாறுவதில்லை. அதுபோல, பழைய செயலிகள் இயங்காமல் போகும்படி கர்னலை மாற்றக் கூடாது என்பதில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். வெளி நடத்தையைத் தொடாமல் உள்நிரலைத் திருத்தி அமைக்கும் மறுசீரமைப்பு இங்கே நுட்பமான வேலையாவதும் இந்தக் கண்டிப்பினால்தான்.

அத்தகைய ஒரு மறுசீரமைப்புக்குக் காரணமான, 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த ஸ்பெக்டர் குறைபாடு, பிராசஸர்கள் வேகத்துக்காக அடுத்த கட்டளைகளை ஊகித்து முன்கூட்டியே இயக்கும்போது இரகசியத் தரவு கசியக்கூடும் என்பதைக் காட்டியது. அதுவரை கர்னலின் நுழைவு நிரல், எந்தச் சேவை கோரப்பட்டாலும் விவரங்களுக்கென உள்ள ஆறு பதிவகங்களின் மதிப்புகளையும் அப்படியே உள்ளே அனுப்பிவந்தது; ஒரு செயலி தன் அடையாள எண்ணை மட்டும் கேட்டறியும் 'கெட்பிட்' சேவைக்கு ஒரு விவரமும் தேவையில்லை என்றாலும், பயனர் விரும்பியபடி நிரப்பிய ஆறு மதிப்புகளும் கர்னலின் உட்சார்புகள் (குறிப்பிட்ட பணியைச் செய்யும் நிரல் பகுதிகள்) வரை செல்ல வழி இருந்தது. தாக்க நினைப்பவருக்கு இது கைக்கெட்டும் கருவி.

கர்னல் நிரலாளர் டொமினிக் ப்ரோடோவ்ஸ்கி தொகுத்த திருத்தங்களால், 2018 ஜூனில் வந்த 4.17 பதிப்பில் ஒவ்வொரு சேவைக்கும் முன்னால் ஒரு சிறு உறைநிரல் நின்று, தேவையான பதிவகங்களை மட்டும் எடுத்துக் கொடுத்தது: 'ரைட்'டுக்கு மூன்று, 'கெட்பிட்'டுக்கு ஒன்றுமில்லை. சேவை எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. உண்மையான உழைப்பு இதற்கு முந்தைய கட்டத்தில் இருந்தது. கர்னலின் பல பகுதிகள் பயனர் செயலிகளுக்கென்று அமைந்த இச்சேவைகளின் சார்புகளைத் தாமே நேரடியாக அழைத்து வந்ததால், அழைப்பு முறையை மாற்றுவதற்கு முன் அவ்விடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, உள்பயன்பாட்டுக்கான தனிச் சார்புகளுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. அதே ஆண்டின் 4.19 பதிப்பில், பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ள 64 பிட் ஆர்ம் பிராசஸர்களுக்கும் இந்த உறைநிரல் முறை வந்தது. இடைக்காலத் தீர்வாக வைக்கப்பட்ட அந்தத் தனிச் சார்புகளில் பலவற்றை, 2020-இன் 5.9 பதிப்புக்காக மற்றொரு கர்னல் நிரலாளரான கிறிஸ்டோஃப் ஹெல்விக் நீக்கினார்.